முதலில் பள்ளி, அப்புறம் வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

கோத்தகிரியிலிருந்து நர்ஸ் வேலைக்காகக் குடும்பத்தோடு இங்கிலாந்து கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன், வாடகை குறைவு என்று எங்கோ வீடு பிடித்துவிட்டு அப்புறம் பள்ளி தேடாதீர்கள். அங்கே அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது; ஆனால் விண்ணப்பங்கள் அதிகமானால் பல பள்ளிகளில் வீடு எவ்வளவு பக்கம் என்பதைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள்.

வகுப்பும் வயதை வைத்துத்தான், ஆகஸ்ட் 31 கணக்கு. ஜூலையில் ஐந்து முடிந்த என் தங்கை மகள், இங்கே யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தவள், செப்டம்பரில் அங்கே நேராக ஒன்றாம் வகுப்பு. பாவம், குழந்தையை முன்பே தயார்ப்படுத்தியிருக்கலாம்.

பள்ளிகளை ஆய்வு செய்யும் அங்கத்திய அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கையை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், சரி, அதோடு நிற்காமல் அந்த ஊர் கவுன்சிலுக்கு மெயில் போட்டு எந்தப் பள்ளியில் இடம் காலி என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

– ஒரு வாசகி, கோத்தகிரி