மூச்சப் பிடிக்காதேன்னு எங்க பாஷையில ஒரு தடவ சொல்லுங்க

தென்கேரளக் கடற்கரையில ஸ்கூபா டைவ் சென்டர் நடத்துற ஓனர்மாருக்கும் இன்ஸ்ட்ரக்டர்மாருக்கும்,

வணக்கம். போன டிசம்பர் கடைசியில உங்கள்ல ஒருத்தரோட போட்ல நடந்தது உங்க எல்லாருக்கும் காதுல விழுந்திருக்கும், அதனால தலையிலேர்ந்து வால் வரைக்கும் திரும்ப சொல்லப் போறதில்ல. எந்த சென்டர்னும் எழுத மாட்டேன், அவங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒருத்தர்கிட்ட சண்ட போடுறதா இருந்தா பஸ் ஏறி நேரா வந்திருப்பேன், களியக்காவிளையிலேர்ந்து என்ன தூரம்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. தமிழ் மட்டும் தெரிஞ்ச ஆள கடல்ல இறக்குறதுக்கு முன்னாடி தமிழ்ல சொல்லுங்க. தமிழ் வராதுன்னா மலையாளத்துல சொல்லுங்க, கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்துக்காரங்களுக்கு அது பக்கத்து வீட்டுப் பேச்சு, பாதி வார்த்த எங்க சோத்துலயே கலந்து கெடக்கு. இங்கிலீஷும் ஹிந்தியும் மட்டும் பேசிட்டு "ஓகே? ஓகே?"ன்னு கேட்டா, கேக்குறவன் ஓகேன்னுதான் சொல்லுவான், வேற என்ன சொல்லத் தெரியும் அவனுக்கு.

நானும் எங்க மாமா மவனும் ஆளுக்கொரு பை முதுகுல மாட்டிட்டு ஒரு வாரம் சுத்தலாம்னு கெளம்புனோம். டார்மிட்டரியில படுக்க, கிடைச்ச பஸ்ல ஏற, காலையில கடல், சாயங்காலம் பொன்முடி, அப்புறம் வர்க்கலை, முடிஞ்சா மூணாறுன்னு ஒரு பிளான். அவனுக்கு 22 வயசு. எங்க மாமா குளச்சல் பக்கத்துல சிப்பி குளிக்கப் போறவர். பாறையில ஒட்டியிருக்கிற பழுப்புச் சிப்பிய உளி வச்சு பேத்து இடுப்புல கட்டின வலைப்பையில போட்டு மேல வர்ற தொழில், டேங்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மேல ஒரு மூச்சு இழுத்தா அதுதான் மூலதனம். மவனையும் பன்னெண்டு வயசுலேர்ந்து கூட்டிட்டுப் போயி பழக்கியிருக்கார். அவர் சொல்லிக் குடுத்த மொத பாடமும் கடைசி பாடமும் ஒண்ணுதான், தல தண்ணிக்கு மேல வர்ற வரைக்கும் மூச்ச விடாத. மேல ஏறும்போது மூச்ச விட்டவன் சிப்பிக்காரனே இல்லன்னு சொல்லுவார்.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா முதுகுல டேங்கக் கட்டி அடியிலயே மூச்சு வாங்குற ஸ்கூபாவுல பாடம் அப்படியே நேரெதிர்னு உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, அன்னைக்கு எனக்கும் தெரியாது.

போட்ல பத்து நிமிஷம் பிரீஃபிங் நடந்துச்சு. இன்ஜின் சத்தம், காத்து, நடுவுல வேகவேகமா இங்கிலீஷ், புரியலன்னு முகத்தப் பாத்ததும் ஹிந்திக்கு மாறிட்டாங்க, அதுவும் எங்களுக்கு ஒண்ணுதான். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், ஆனா பாதி காத்துல போயிடுச்சு, கேட்டதயும் அது முக்கியம்னு தெரியாம விட்டுட்டேன். ஃபாரம் ஒண்ணு வந்துச்சு, எல்லாக் கேள்விக்கும் 'நோ'ன்னு அவங்களே டிக் அடிச்சு வச்சிருந்தாங்க, கையெழுத்து மட்டும்தான் எங்க வேல. ஆனா ஒண்ணு சொல்லணும், கோப்ரோ வீடியோவுக்கு தனியா 500 ரூபாங்கிறத மட்டும் மலையாளம், தமிழ், ஹிந்தி, சைகை எல்லாத்துலயும் சொன்னாங்க. ஜிபே நம்பர் சொல்லும்போது அவங்க தமிழ் அப்படி ஒரு சுத்தத் தமிழ்.

எனக்கு மொத முறையே காது வலிச்சு மேல வந்துட்டேன். அவன் நல்லா எறங்கினான், ஒரு ஆறு மீட்டர் இருக்கும். கடல்ல பொறந்தவனுக்கு அது ஒரு ஆழமா. பாறை இடுக்குல ஏதோ மீன் கூட்டத்தப் பாத்துட்டு சந்தோஷத்துல கட்டைவிரல தூக்கி சூப்பர்னு காட்டியிருக்கான். பின்னாடி டேங்கப் பிடிச்சிட்டிருந்தவர் அவன மேல கொண்டு வந்துட்டார். அவர நான் குத்தம் சொல்லல, உங்க கணக்குல கட்டைவிரல மேல காட்டினா மேல போகணும்னு அர்த்தம், நல்லாருக்குன்னா விரல வட்டமா காட்டணும். அவர் செஞ்சது சரி. நம்ம பையன் என்ன செஞ்சான், மேல போறோம்னு தெரிஞ்சதும் அப்பன் சொல்லிக் குடுத்த மாதிரி மூச்ச இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். அவன் செஞ்சதும் சரி, பன்னெண்டு வயசுலேர்ந்து செஞ்சதுதான.

போட்ல ஏறினதும் நெஞ்சப் பிடிச்சான். இருமல் நிக்கல, துப்பினதுல ரத்தம் கலந்து வந்துச்சு. குரல் வேற மாதிரி ஆயிடுச்சு, மூக்கால பேசுற மாதிரி. உங்க ஆள் ஆக்சிஜன் வச்சாங்க, ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தாங்க, அத மறைக்க மாட்டேன், நன்றி. ஒரு ராத்திரி வச்சுப் பாத்து அனுப்பினாங்க, இப்போ நல்லாருக்கான். ஆனா அந்த டாக்டர் வந்து நின்னதும் கேட்ட மொத கேள்வி, "சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சா தம்பி?" இருந்துச்சு. பத்து வயசு வரைக்கும் இருந்துச்சு. அந்த ஃபாரத்துலயும் அதே கேள்வி இருந்திருக்கு, ஆஸ்துமான்னு, இங்கிலீஷ்ல, பக்கத்துல 'நோ'ன்னு உங்க பேனாவால டிக். இழுப்பு உண்டாடேன்னு வாயால ஒருத்தர் கேட்டிருந்தா அவனே சொல்லியிருப்பான், மறைக்கிற பய இல்ல.

அதுக்கப்புறம் எனக்கு மனசு ஆறல. பிப்ரவரியில அதே பையத் தூக்கிட்டு புதுச்சேரிக்குப் போயி நாலு நாள் இருந்து ஓப்பன் வாட்டர்னு சொல்ற ஸ்கூபா அடிப்படைக் கோர்ஸ முழுசா படிச்சேன், தமிழ்ல சொல்லிக் குடுக்கிற ஆள்கிட்ட. மொத நாள் நீச்சல் குளத்துல, இடுப்பளவு தண்ணியில, அவர் சொன்ன மொத வாக்கியமே "மூச்ச மட்டும் பிடிக்காதீங்க"தான். ஏன்னும் சொன்னார். ஆறு மீட்டர் ஆழத்துல நெஞ்சு நெறைய வாங்கின 5 லிட்டர் காத்து மேல வந்து சேரும்போது தண்ணியோட அழுத்தம் கொறஞ்சு 8 லிட்டர் ஆகும், வாயத் தொறந்திருந்தா மிச்சம் தானா வெளிய போயிடும், அடைச்சு வச்சா நுரையீரல் கிழியும், ஆழம் கூடத் தேவையில்ல, நெறஞ்ச மூச்சோட ஒரு ஆள் உயரம் மேல வந்தாலே போதும். காதுக்கும் சொன்னார், வலிச்சப்புறம் ஊதாத, வலிக்கிறதுக்கு முன்னாடியே மூக்கப் பிடிச்சு மெதுவா ஊது, வலிச்சா கொஞ்சம் மேல ஏறிக்கோ. இவ்வளவுதான். இதச் சொல்ல அவருக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகல.

ஊருக்கு வந்து மாமாகிட்ட இத அப்படியே சொன்னேன். அவர் வலைய ஒதுக்கி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "நாங்க மேலேர்ந்து கொண்டுட்டுப் போற மூச்சு, அது அடியில சுருங்கும், திரும்ப வந்தா பழையபடி ஆவும். இவன் வாங்கினது அடியில உள்ள மூச்சுல்லா"ன்னார். அஞ்சாங்கிளாஸ் படிச்ச மனுஷன். ஒரு தடவ சொன்னதுக்கே பிடிச்சுக்கிட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்க, "இத அவன்ட்ட சொல்ல அவங்களுக்கு எத்தன நேரம்டே ஆவும்?" நான் பதில் சொல்லல. நீங்க சொல்லுங்க.

இதுல இன்னொரு வேடிக்க. அன்னைக்கு அந்த போட்ல டேங்க் தூக்கிப் போட்டவர் பக்கத்துக் கரைக்காரர், மலையாளமும் பேசுவார், நல்லா தமிழும் பேசுவார், அவரும் சிப்பி குளிச்சவர்தான். நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்தப் பக்கம்னு வெறும் கண்ணால பாத்து சொல்றார். வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொல்ல அவர யாரும் விடல, அவர் வேல டேங்க் தூக்குறது மட்டும். உங்க போட்லயே டிரான்ஸ்லேட்டர் நிக்கிறார் ஐயா, தோள்ல சிலிண்டரோட.

பொன்முடி கதையும் இருக்கு. சாயங்காலம் மலைக்குப் போறோம்னு சொன்னதுக்கு "நைஸ் நைஸ், வெரி பியூட்டிஃபுல்"னாங்க. டைவ் அடிச்சுட்டு அன்னைக்கே பொன்முடி மாதிரி உயரமான மலை ஏறக் கூடாது, பிளேன் ஏறுற மாதிரிதான் அதுவும், ஒரே ஒரு டைவ்னாலும் 12 மணி நேரமாவது பொறுக்கணும், நெறைய டைவ்னா 18ன்னு புதுச்சேரியில படிச்சப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. காலையில கடல் சாயங்காலம் மலைங்கிறது பை மாட்டிட்டு வர்ற எல்லாப் பயலுக்கும் உள்ள பிளான். போர்டுல தமிழ்ல ஒரு வரி, மலையாளத்துல ஒரு வரி எழுதி வச்சா தேஞ்சா போயிடும்? ஆனா 'ஸ்மைல் ப்ளீஸ், டேக் அஸ் ஆன் இன்ஸ்டா'ன்னு அவ்வளவு பெரிய போர்டு வைக்கத் தெரியுது.

கோவத்துல எங்கயோ போறேன். ஆனா எங்களுக்கு இது புதுசில்ல. பேங்க்ல போனாலும் இன்சூரன்ஸ்ல போனாலும் எங்க உயிரப் பத்தின சமாச்சாரம் எல்லாம் எங்களுக்குப் புரியாத பாஷையில பொடி எழுத்துலதான் இருக்கு, காசு கட்டுற எடம் மட்டும் கொட்ட எழுத்துல இருக்கும். சொல்ல வேண்டியது வேளைக்கு வந்து சேரலன்னா கடல்ல என்ன ஆகும்னு 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் எங்க கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சரி, கேக்க வந்தத மரியாதையா கேக்குறேன். நீங்க தொழில் நடத்துங்க, நல்லா நடத்துங்க, எங்க ஊர்ப் பசங்களையும் வேலைக்கு எடுங்க, மழைக்காலம் முடிஞ்சு கடல் தெளிஞ்சா நாங்களே ஆள் கூட்டிட்டு வர்றோம். ஆனா இறக்குறதுக்கு முன்னாடி தமிழ்ல சொல்லுங்க. ஃபாரத்த வாசிச்சுக் காட்டுங்க, பதில எங்க கையால எழுத விடுங்க. விரல் சைகைய கரையிலயே ஒரு தடவ செஞ்சு காட்டி திருப்பிச் செய்யச் சொல்லுங்க. எங்க பேச்சுல அது ரொம்ப சின்னது, நீங்களும் மனப்பாடம் பண்ணிக்கலாம்: "மூச்சப் பிடிக்காத மக்கா, விட்டுக்கிட்டே பைய மேல வா."

ஃபாரத்துல உள்ள கேள்வி எல்லாத்தையும் தமிழ்ல எழுதி வச்சிருக்கேன், ஆஸ்பத்திரியில பாத்த அதே டாக்டர் ஒரு தடவ வாசிச்சு திருத்தியும் குடுத்துட்டார். மலையாளத்துக்கு மார்த்தாண்டத்துல ஒரு டீச்சர் உதவி செய்றாங்க. காசு ஒண்ணும் வேண்டாம், பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி போட்ல வச்சா போதும். அடுத்த மாசம் மொத சனிக்கிழம காலையில கொண்டுட்டு வர்றேன், ஒவ்வொரு சென்டரா ஏறி எறங்குவேன். மாமாவும் கூட வர்றேன்னிருக்கார். அவருக்கு ஒரு தடவ அந்த டேங்கப் போட்டு எறங்கிப் பாக்கணுமாம். அவருக்கு பிரீஃபிங் குடுக்குற அன்னைக்கு தயவுசெஞ்சு அந்த டேங்க் தூக்குற அண்ணன பக்கத்துல நிக்க வைங்க.

இப்படிக்கு,
களியக்காவிளை பக்கத்துலேர்ந்து
ஒரு சிப்பிக்காரரோட மருமகன்