ஏரிச் செலவு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு, ஏரிப் பராமரிப்பை ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) விவசாயிகளிடமே விட்டுவிடலாம் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். ஏரி நிரம்பினால் சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் ஊறும். காசு கொடுக்காதவருக்கு அந்த ஊற்றை அடைத்துவைக்க முடியாது. எனவே அடுத்தவர் செய்யட்டும் என்றுதான் எல்லோரும் இருப்பார்கள். சந்தை கைவிரிக்கும் இத்தகைய இடத்தில்தான் அரசுப் பணம் வேண்டும்.

எங்கள் ஊரில் மதகுப் பலகை உளுத்து, மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்குகிறோம். பழுதுபார்க்கப் பணம் கேட்டால், போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருப்பவர்கள் ‘எங்களுக்கு ஏரிப் பாசனமே இல்லையே’ என்கிறார்கள். (கோடையிலும் அவர்கள் போரில் தண்ணீர் வருவது எதனால் என்பது வேறு கதை.) ஏரி, குளங்களை விவசாயிகள் பங்கேற்புடன் பழுதுபார்க்க 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் 10 சதவீதம் விவசாயிகள் பங்காக இருந்தது. அதுபோன்ற பங்கைப் போர் வைத்திருப்போரிடமும் வசூலிக்க விதி செய்து, மீதியை அரசே ஏற்கலாம்.

– ஓர் ஆயக்கட்டுதாரர், செங்கல்பட்டு மாவட்டம்