ஊட்டியில் அணைந்துபோகும் அம்பாசடர்

அன்புள்ள செல்விக்கு,

சேரிங் கிராஸில் வேகத்தைக் குறைத்தாலே வண்டி அணைந்துபோகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்குக் கொஞ்ச நாள் தலையாட்டாதே.

கோயம்புத்தூரில், நானூறு மீட்டர் உயரத்தில் டியூன் பண்ணின வண்டி அது. ஊட்டி 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை ரிச், அதாவது பெட்ரோல் மிகுந்ததாக, ஆகத்தான் செய்யும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார். முனையில் உலர்ந்த கரி படிந்திருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), இளம்பழுப்பு என்றால் சரி.

ஏர் ஃபில்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் இடைவெளி, பிளக் மூன்றையும் முதலில் பார்த்துவிடு. அடுத்தது சோக். நம் வண்டியில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். மற்ற வண்டிகளில் சோக் காற்றை அடைக்கும். இதிலோ பெட்ரோல் வரும் குழாயான ஜெட்டையே கீழே இறக்கி, பெட்ரோலைக் கூட்டிவிடும். குளிருக்கு நீ தினமும் சோக் இழுப்பாய். கேபிள் துருப்பிடித்து ஜெட் முழுசாக மேலே திரும்பவில்லை என்றால், சோக்கை உள்ளே தள்ளினாலும் பெட்ரோல் கூடுதலாகவே போகும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு யாரையாவது சோக்கை இழுத்துத் தள்ளச் சொல், ஜெட் ஏறுகிறதா என்று நீயே பார். என் சந்தேகமெல்லாம் இதன் மேல்தான்.

அதுவும் சரியாக இருந்தால், எஞ்சின் நன்றாகச் சூடானதும் கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன பின்னை மெல்ல மேலே தள்ளு. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை அது தூக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட ஏற வேண்டாம். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். உடனே இறங்கி அணையப் பார்த்தால் லீன். ஒரு கணம் லேசாகக் கூடிப் பழையபடி அடங்கினால் கலவை சரி.

ரிச் என்றால் ஜெட்டுக்குக் கீழே உள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு பக்கமாக, அதாவது ஆறில் ஒரு சுற்றாக, திருகி மேலே ஏற்று. ஒவ்வொரு தடவையும் பின்னைத் தள்ளிப் பார்த்துக்கொள். இந்த ஒரே நட்டுத்தான் ஐடிலிங்கிலிருந்து முழு வேகம் வரைக்கும் கலவையைத் தீர்மானிக்கிறது, அவசரப்படாதே. எத்தனை பக்கம் ஏற்றினாய் என்று குறித்து டேஷ்போர்டில் வை. பொங்கலுக்கு இறங்கி வரும்போது மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி அத்தனையையும் திருப்பி இறக்கிவிட வேண்டும். சமவெளியில் லீனாக ஓட்டினால் எஞ்சின் சூடேறும், வால்வு கருகிவிடும்.

நாலு பிளக்கையும் வரிசை மாறாமல் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பா