தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

'2024 ஒய்ஆர்4' என்ற விண்கல் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கு 3.1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று 2025 பிப்ரவரியில் நாசா கணித்தபோது, சிவப்பு எழுத்துகளும் சங்கொலியுமாக அந்தச் செய்தி திரையை நிறைத்தது. அடுத்த சில நாள்களிலேயே அவ்வாய்ப்பு ஏறத்தாழச் சுழியமான செய்தியோ, திரையின் அடியில் ஓடும் வரியாகக் கரைந்துபோனது. கூடுதல் அளவீடுகள் கிடைக்கக் கிடைக்க, விண்கல் வந்துசேரக்கூடிய பரப்பு சுருங்கும். பூமி இன்னும் அப்பரப்புக்குள் இருக்கும் வரை விழுக்காடு ஏறத்தான் செய்யும், வெளியே வந்துவிட்டால் சட்டென இறங்கிவிடும். இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

வருமா வராதா என்று தெரியாத ஆபத்துக்கு இத்தனை நேரம் ஒதுக்கும் நீங்கள், வந்துகொண்டே இருக்கும் புவி வெப்பமாதல் என்ற ஆபத்துக்குப் பெரும்பாலும் உலகச் சுற்றுச்சூழல் நாளன்றுதான் இடம் தருகிறீர்கள் என்பதே என் முறையீடு. 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் மிகுந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. (ஓராண்டு மீறியதாலேயே, வெப்பமாதலைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்பாட்டின் 1.5 பாகை வரம்பு முறிந்துவிட்டதாகாது. அது பல்லாண்டுச் சராசரியைக் குறிப்பது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) அதே ஆண்டு ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், தன் திசுக்களுக்குள் இருந்து உணவளிக்கும் நுண்பாசிகளைப் பவள உயிரி வெளியேற்றிவிடுகிறது. அடியிலுள்ள சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. சூடு வாரக்கணக்கில் தணியாவிட்டால் உயிரி பட்டினியால் மடிகிறது. மன்னார் வளைகுடா 2010-இலும் 2016-இலும் இதைக் கண்டது. மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் அந்தத் திட்டுகளை நம்பித்தான் அங்கே பல குடும்பங்களில் உலை கொதிக்கிறது.

நேயர்களுக்குப் புரியாது என்ற சமாதானம் ஏற்கத்தக்கதன்று. காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கும் புயலுக்கும் உள்ள வேறுபாட்டையும், பாம்பனில் ஏற்றப்படும் கூண்டு எண்ணின் பொருளையும் தேநீர்க்கடையில் பேசும் அளவுக்கு மக்களைப் பழக்கியதில், ஐப்பசி கார்த்திகைதோறும் சலிக்காமல் விளக்கிவரும் உங்கள் வானிலைச் செய்திக்குப் பெரும்பங்கு உண்டு. அதிலேயே கடல்நீரின் வெப்பநிலையையும், வழக்கமான அளவிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் நாள்தோறும் சேருங்கள். ஓர் ஆபத்தை எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் அறிவித்தீர்களோ, அது நீங்கியதையும் அவ்வாறே அறிவியுங்கள்.

'அப்போஃபிஸ்' என்ற விண்கல் இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலையில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பூமியின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில், அதாவது உங்கள் ஒளிபரப்பைச் சுமக்கும் செயற்கைக்கோள்களைவிட அருகில், கடந்து செல்லும். குறைந்தது நூறாண்டுகளுக்கு அது மோத வாய்ப்பில்லை என்று நாசா 2021-இலேயே உறுதிப்படுத்திவிட்டது. ராசிபலன் நிகழ்ச்சிகள் அதைக் கையிலெடுக்கும் முன், வானியலாளர்களை அழைத்து விளக்க நிகழ்ச்சி ஒன்றை இப்போதே தயாரித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்களுள் ஒருவர்