முந்திரிக்கொத்து முப்பது அனுப்புகிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அப்பா, ஆச்சி, நான் எல்லோரும் இங்கே சுகம். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது, மூன்று நாளாகத் துணி காயவில்லை. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று சொன்னாய். ராத்திரி காலுறை போட்டுக்கொண்டு படு.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வருஷம் உன் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேனே, அப்போதிலிருந்து ஒன்று என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

ஜெர்மனியில் உன் டோர்ட்முண்டுக்கு வந்த மூன்றாவது நாள். நீ ஆபீஸ் போன பிறகு ஃப்ரிட்ஜைத் துடைத்து வைப்போம் என்று ஃப்ரீசரைத் திறந்தேன். உள்ளே அடுக்கி வைத்திருந்தாய். ஒவ்வொரு கவரிலும் உன் கையெழுத்து. "அம்மா - சாம்பார் பொடி", "அம்மா - பருப்புப் பொடி", "அம்மா - இட்லிப் பொடி". கீழே தேதி. மூன்று வருஷத்துப் பொடி இருந்தது. சிலது நான் இங்கே கட்டிய முடிச்சுகூட அவிழ்க்காமல் இருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் டிஷ்யூ பேப்பரில் சுற்றி ஒற்றை முந்திரிக்கொத்து. அக்கா வளைகாப்புக்கு நான் சுட்டது. அக்கா பிள்ளை அப்போது நடக்க ஆரம்பித்துவிட்டான். கையில் எடுத்தால் கல்லு மாதிரி இருந்தது. அலமாரியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கருப்பட்டி, மேலே வெள்ளையாகப் பூத்துப்போய்.

சாயங்காலம் நீ வந்ததும் கேட்டேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "அது தீர்ந்துட்டா அப்புறம் இல்லையேம்மா."

எனக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். இப்போது சொல்கிறேன்.

உன் பெரிய ஆச்சி, என்னைப் பெற்றவள், மாசி முடிந்ததும் மாவடு போடுவாள். அவள் காலமான வருஷம் போட்டது ஒரு பீங்கான் ஜாடி நிறைய நம் வீட்டில் இருந்தது. தொட மனசு வரவில்லை. உங்களையும் தொட விடவில்லை. துணியால் வாய் கட்டி மேல் பலகையில் வைத்திருந்தேன். கார்த்திகை மழையில் ஈரம் இறங்கி, ஒருநாள் திறந்து பார்த்தால் மேலே பாசி மாதிரி படர்ந்துவிட்டது. அவள் கையால் போட்ட கடைசி மாவடுவைக் கொல்லையில் குழி தோண்டி நானே கொட்டினேன். ஒரு வடுகூடக் கடித்துப் பார்க்கவில்லை. அந்த ருசி இப்போது எனக்கு ஞாபகத்தில் இல்லை, ராசா. அந்த வேலையை நீ செய்யாதே.

தீர்ந்தால் இல்லை என்கிறாயே, எப்படி இல்லாமல் போகும்? உடன்குடி பக்கத்தில் பனை நிற்கிறது. சித்தப்பாவோடு கருப்பட்டி காய்ச்சுகிற தேரிக்காட்டு விடிலிக்குப் போவாயே, நினைவிருக்கிறதா? பதநீர் கொதிக்கிற வாசம் தெரு முக்கிலேயே அடிக்கும். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கின பதநீரை வடிகட்டிப் பெரிய தாச்சியில் ஊற்றி, ஓலையும் மட்டையும் போட்டு எரித்துக்கொண்டே இருப்பார்கள். வெள்ளையாக நுரைத்து, பிறகு செம்மண் நிறத்துக்கு வந்து, கடைசியில் கூழ் மாதிரி இறுகும்போது அந்த அக்கா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் பதம். உடனே இறக்கி, துடுப்பால் துழாவி, வரிசையாக வைத்திருக்கிற சிரட்டையில் ஊற்றுவாள். சிரட்டை ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து உன் உள்ளங்கையில் வைப்பாள். நீ ஊதி ஊதி நக்குவாய்.

பனையேறுகிறவர்கள் வரவரக் குறைந்துகொண்டே வருகிறார்கள். அது உண்மை. காலையும் மாலையும் ஏறி இறங்குகிற வேலைக்குப் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு பேரும் விலையும் கூடியிருக்கிறது. ஆனால் சீனியைக் காய்ச்சிக் கலந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் நான் கடையில் வாங்குவதில்லை. ஆனி ஆடியில் விடிலிக்கே போய், கண்ணால் பார்த்து, வருஷத்துக்கு ஆகிற மாதிரி வாங்கி ஓலைப்பெட்டியில் போட்டு வைக்கிறேன். இந்த வருஷம் பன்னிரண்டு கிலோ. அதில் நாலு உனக்கு. ஆச்சி காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். சூடும் புகையும் பட்டு இளகாமல் இருக்கும். நல்ல கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். உன் அலமாரி அந்த அடுப்படிக்குள்ளேயே இருக்கிறது, நீ வெந்நீர் வைக்கிற ஆவியெல்லாம் அங்கேதான் அடையும். அதோடு நீ மாசக்கணக்கில் திறக்கவே இல்லை. பிறகு பூக்காமல் என்ன செய்யும்? காகிதத்தில் சுற்றி, ஈரம் படாத கண்ணாடி ஜாடியில் போட்டு, வாரம் ஒரு தடவையாவது எடுத்துச் செலவழி.

நீங்கள் எல்லாம் வெளிநாடு போன பிறகுதான் எது போகும், எது போகாது என்று நானும் படித்துக்கொண்டேன். நான் வரும்போது அந்தக் கறிவேப்பிலையை விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டார்களே, அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து நம் கொல்லை மரத்தில் பறித்து ஈரத் துணியில் சுற்றி வைத்தது. 2019 டிசம்பர் 14-லிருந்து பச்சை இலை, காய், பழம் எது கொண்டுவந்தாலும் பயிருக்கு நோய் இல்லை என்று சான்றிதழ் வேண்டும் என்று பிறகு நீதான் சொன்னாய். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டூரியன், இந்த ஐந்துக்கு மட்டும் வேண்டாமாம். பால் பொருளும் இறைச்சியும் உள்ளே வராது. அதனால் நெய், பால்கோவா இரண்டையும் இனி மறந்துவிடு, இங்கே வந்து சாப்பிடலாம். கருவாடு மட்டும் 20 கிலோ வரை கொண்டுபோகலாமாம். அப்பாவுக்கு அதை நம்பவே முடியவில்லை. சீலாக் கருவாடு வேண்டுமா என்று கேட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கு வாடை ஆகாது என்கிறாய். சரி, அதுவும் இங்கேதான்.

அந்தக் கறிவேப்பிலை போன ஆத்திரத்தில் நான் ஊருக்கு வந்து முதல் வேலையாகச் செய்தது கறிவேப்பிலைப் பொடி. நிழலில் உலர்த்தி, உளுந்தும் மிளகும் வறுத்துச் சேர்த்து இடித்தது. பொடியாகப் போனதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. பார்சலில் நான் "ஸ்வீட்ஸ்" என்று மட்டும் எழுதி அனுப்பியது உன் கைக்கு வரவே இல்லையே, அந்தத் தப்பு இனி நடக்காது. ஒவ்வொன்றும் என்ன, எத்தனை கிராம், என்ன விலை என்று தனித்தனியாக எழுதுகிறேன். 45 யூரோவுக்குள் இருந்தால் அன்பளிப்புக்கு வரி கிடையாது என்று சொன்னாய், அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

துவரம்பருப்பு, உளுந்து, புளி, இட்லி அரிசி இதெல்லாம் இனி நான் அனுப்பப்போவதில்லை. 23 கிலோ பெட்டியில் பருப்பைக் கட்டிக்கொண்டு வருவது தண்டம். அந்த யாழ்ப்பாணத்து அக்கா கடையில் எல்லாம் இருக்கிறது. அங்கே போன அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஊரில் மூச்சு வந்தது. ஒரு பக்கம் முருங்கைக்காய், ஒரு பக்கம் இடியப்ப மா, மேலே அம்மன் படம். என் பையில் உனக்குக் கொண்டுவந்த கருப்பட்டி ஒன்று இருந்ததே, அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வாயில் போடவில்லை. முதலில் மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "எங்கட வளவுக்குள்ள முப்பது பனை நிண்டது அம்மா" என்றார். அவர்கள் ஊரில் இதற்குப் பனங்கட்டி என்று பேராம். ஓலையில் பின்னின சின்னக் குட்டானில் அடைத்து விற்பார்களாம். நாம் பனங்கிழங்கை அவித்துத் தின்பதோடு சரி. அவர்கள் காயவைத்து ஒடியல், புழுக்கொடியல் என்று வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்களாம். கடலுக்கு அந்தக் கரையிலும் அதே பனைதான், தம்பி. 83 கலவரத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளையாக வந்தவர். நீ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது ஊர் வருகிறாய். அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது வீடே இல்லை என்றார். மறுநாள் நம் இரண்டு பேரையும் ஹம் ஊர்க் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் புளிச்சாதம் வாங்கிக் கொடுத்தாரே, அந்தக் கையை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை சும்மாவாவது போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா.

இனி இட்லிப் பொடியும் நான் அரைத்து அனுப்பமாட்டேன். கோபமில்லை. பொடி என்பது அரைத்த அன்றைக்கும் அடுத்த ஒரு மாசத்துக்கும்தான் பொடி. மூன்று வருஷம் குளிரில் கிடந்தால் நிறம் இருக்கும், மணம் போய்விடும். உன் ஃப்ரீசரில் இருந்ததை முகர்ந்து பார்த்தேன், காய்ந்த தூசி வாசம்தான் வந்தது. நீ அதைச் சாப்பிட்டு நம் வீட்டு ருசி இதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அது பொறுக்கவில்லை.

நம் வீட்டுப் பொடிக்குத் தோல் எடுக்காத தொலி உளுந்துதான். வெள்ளை உளுந்தில் அந்தக் கருகல் மணம் வராது. ஒரு உழக்கு தொலி உளுந்தை எண்ணெய் விடாமல் இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறு. கை நிற்கக்கூடாது. வாசம் வந்து, ஒரு பருப்பைக் கடித்தால் நறுக்கென்று உடையவேண்டும். அதைத் தட்டில் கொட்டிவிட்டு அதே சூட்டில் கால் உழக்கு கறுப்பு எள். படபடவென்று வெடிக்கும், வெடிப்பு அடங்கும்போது எடுத்துவிடு, ஒரு நிமிஷம் தாண்டினால் கசக்கும். பிறகு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மிளகாய் வத்தல் பதினைந்து, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. காயம் பொரிந்து உப்பவேண்டும். கல் உப்பையும் அந்தச் சட்டியில் ஒரு புரட்டு புரட்டு. எல்லாம் நன்றாக ஆறட்டும். சூட்டோடு அரைத்தால் வேர்த்துக் கட்டி பிடிக்கும். முதலில் வத்தல், காயம், உப்பு. பிறகு உளுந்து. கடைசியில் எள்ளைப் போட்டு இரண்டே சுற்று, இல்லையென்றால் எண்ணெய் கக்கிவிடும். விரலால் எடுத்தால் ரவை மாதிரி நறநறவென்று இருக்கவேண்டும்.

போன தடவை நான் விட்டுவிட்டு வந்த நம் ஊர் மிக்சி அங்கேயே ஓடும். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும்தான் வேறு. அதற்கு ஒரு அடாப்டர் வாங்கி வைத்திருக்கிறேன், அதுவும் வருகிறது.

நம் தெருக்கோடி வீட்டுப் பையன் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வருகிறான். ஆறு கிலோ வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறான், நல்ல பிள்ளை. கருப்பட்டி இரண்டு கிலோ, மீதி இரண்டு பங்குனியில் அப்பா பென்ஷன் வேலை முடிந்து வரும்போது. முண்டு வத்தல் அரைக் கிலோ, கட்டிக் காயம், கறிவேப்பிலைப் பொடி. மிதுக்க வத்தலும் சுண்டை வத்தலும் இந்த வருஷக் கோடை வெயிலில் போட்டது, உப்பு கொஞ்சம் தூக்கல், பார்த்துப் போடு. மோர் மிளகாய் ஆச்சி தன் கையால் நூலில் கோத்து வைத்திருக்கிறாள், "அவனுக்கு மட்டும்தான்" என்று யாரையும் தொடவிடவில்லை.

பிறகு முந்திரிக்கொத்து முப்பது. வியாழக்கிழமை சுடுகிறேன். பாசிப்பயறு நேற்றே வறுத்துத் திரித்து வைத்துவிட்டேன். பாகுக்கு இந்த வருஷத்துக் கருப்பட்டி. மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு, மேலே அரிசிமாவு மொறுமொறுவென்று இருக்கும். அது பதினைந்து இருபது நாள்தான் நன்றாக இருக்கும். பத்தை அந்தக் கடை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடு. ஐந்தை ஆபீசில் கொடு. மிச்சம் பதினைந்தும் உனக்கு. வந்த அன்றைக்கே டீயைப் போட்டு வைத்துக்கொண்டு மூன்றைத் தின்னு. ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோகாதே.

அந்த ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கிற பழையதை இன்றைக்கே எடுத்து வெளியே போடு. போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. இங்கே ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை, எடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா