சத்து மாத்திரைப் பட்டியலில் விடுபட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் முதுமைச் சிறப்பிதழில், அறுபதைக் கடந்தவர்கள் சாப்பிட வேண்டிய சத்து மாத்திரைகள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. வைட்டமின் டி, மீன் எண்ணெய், பி-12, பீட்டா கரோட்டின், கால்சியம் என எல்லாவற்றுக்கும் ஒரே பந்தியில் இலை போட்டிருக்கிறீர்கள். 34 ஆண்டுகள் சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றும் சீட்டில் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் பட்டியலையும் அப்படித்தான் திருப்பி அனுப்புகிறேன்.

வைட்டமின் டி-யை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் டி, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் சத்தில்லாத மாத்திரை என்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். ‘வைட்டல்’ என்ற அந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. புற்றுநோய் வருவதும் குறையவில்லை. மாரடைப்பு, பக்கவாதக் கணக்கும் இறங்கவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-இல் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் டி மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே கிடையாது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றிப் பார்த்த கதை அது.

என் அக்காவுக்கு 74 வயது. அவருக்கு உண்மையிலேயே குறைபாடு இருந்தது. 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று மருத்துவர் சரியாகத்தான் எழுதினார். கடையில் இருந்த பையன் காகித உறையின் மேல் ‘1-0-0’ என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டான். அக்காவும் தவறாமல் தினம் காலையில் ஒன்று விழுங்கினார். எட்டு மாத்திரை தீர்ந்ததும் அதே உறையைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆறு வாரம் கழித்து வாந்தி, மலச்சிக்கல், எத்தனை சொம்பு குடித்தாலும் அடங்காத தாகம். பரிசோதித்தால், டி அளவு மீறியதால் இரத்தத்தில் கால்சியம் தாறுமாறாக ஏறியிருந்தது. சிறுநீரகம் தப்பியது அவர் அதிர்ஷ்டம். டி-யை அளவு மீறிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைக் கடந்த 2,256 பெண்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. எலும்பு உறுதிப்படட்டும் என்று ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் டி-யை மொத்தமாகக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டவர்கள்தாம் அதிகம் விழுந்தார்கள், அதிகம் எலும்பை முறித்துக்கொண்டார்கள்.

கண் பார்வைக்கு பீட்டா கரோட்டின் என்று போட்டிருப்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது; பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். நம் வாசகர்களில் பீடி, சிகரெட் பிடிக்கும் தாத்தாக்கள் இல்லையா? விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய் ஓரளவு முற்றியவர்களுக்குச் சில சத்துகளைச் சேர்த்த மாத்திரை பலன் தருவது உண்மை. அதிலும் இப்போது பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின் என்ற வேறொரு சத்தைச் சேர்க்கிறார்கள். கண்புரைக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லை.

பி-12 விஷயத்தில் மட்டும் உங்கள் கட்டுரை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் விழுங்குபவர்களுக்கும் இது குறைவது சகஜம். வயதாக ஆக வயிற்றில் அமிலம் சுரப்பது குறைந்து, உணவில் உள்ள பி-12-ஐப் பிரித்தெடுக்க உடம்பு திணறுகிறது. கால் மரத்துப்போவதையும் மறதியையும் வயதின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். ஓர் இரத்தப் பரிசோதனை போதும்.

பல வைட்டமின்கள் கலந்த மாத்திரையால் முதியவர்களின் நினைவாற்றல் சற்று மேம்பட்டதாக அண்மையில் சில அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது சிறிய முன்னேற்றம்தான்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது போடுங்கள். முக்கியமாக, கால்சியத்தைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதை. உங்கள் பட்டியலைக் கத்தரித்துப் பூஜை அறைக் கதவில் ஒட்டியிருக்கும் என் பக்கத்து வீட்டு மாமி, இரண்டையும் ஒன்றாகத்தான் காப்பிக்கு முன் போட்டுக்கொள்கிறார். நான் சொன்னால், பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.