மூட்டையாகக் கொட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மேற்பார்வைக் குழு, பாலியல் குற்ற வழக்கில் கைதாகிச் சிறையில் இறந்த அமெரிக்கச் செல்வந்தர் எப்ஸ்டீனின் சொத்து நிர்வாகத்திடமிருந்து பெற்ற சுமார் 20,000 பக்க ஆவணங்களை 2025 நவம்பரில் வெளியிட்டது குறித்த கட்டுரையைப் படித்தேன். அதிகார வட்டத்தில் இருந்தவர்கள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் மக்கள் பார்வைக்கு வந்தது சரிதான். ஆனால் யார், எந்தப் பொறுப்பில் இருந்தபோது எழுதியது என்ற குறிப்பில்லாமல் எந்த அரசு ஆவணங்களைக் கொட்டினாலும், படிப்பவர் வம்பைத்தான் தேடுவார். முறைகேடு அடியில் தங்கிவிடும்.

மேட்டூர் திறப்புக்கு முன் எங்கள் வாய்க்காலைத் தூர்வாரிய செலவுக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பக்கத்துக்கு 2 ரூபாய் செலுத்தி வாங்கிய ஆவணக் கட்டுக்குள், பயிர் நிவாரணம் பெற்ற விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள்கூட இருந்தன (அதை நான் கேட்கவே இல்லை). ஒப்பந்ததாரருடன் நடந்த கடிதப் போக்குவரத்தை மட்டும் காணோம்! மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தர அச்சட்டத்தின் 10-வது பிரிவே வழி சொல்கிறது. இங்கும் விசாரணை ஆவணங்களை வெளியிடும்போது சாமானியர்களின் விவரங்களை மறைத்து, தேதிவாரி அட்டவணையோடு, எழுதியவர் அப்போது வகித்த பதவியையும் சேர்த்துத் தர வேண்டும்.

ஒரு விவசாயி,
மன்னார்குடி